ஹென்றி ராஜாவும் எங்கள் தெருவின் முதல் தட்டும்

என் அண்ணன் குஞ்சிதபாதத்துக்கு ஐம்பத்தேழாம் வயதில் எம்.ஏ. வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், முட்டிவலி வரும். இவருக்குத் தபால் வழியில் வரலாறு வந்தது. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஆனால் ஒரே தெரு, ஒரே அடுப்புச் சோறு, ஒரே விளக்குமாற்று அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள்.

வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். தெருமுனையில் முதல் வீடு அவருடையது, இரண்டாவது என்னுடையது. இரண்டு பேருக்கும் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அவர் ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ரிட்டயர் ஆனதும் ஊருக்கே வந்துவிடுவேன் என்று வடக்குத்து வீட்டையும் வெள்ளையடித்து வைத்திருந்தார்; ஞாயிறு, திருவிழாவெல்லாம் அங்கேதான். பழனிவேல் ஆகிய நான் இன்றுவரை கான்ட்ராக்ட். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குள் என்ன புகைந்தது என்று பிறகு நீங்கள் தேட வேண்டாம் பாருங்கள். அதற்குப் பெயர் பங்காளிக் காய்ச்சல். எந்த மருந்துக் கடையிலும் அதற்கு மாத்திரை கிடையாது.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் நெடுமாறன் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தான். இருபது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கடலூருக்குப் போய், தேவனாம்பட்டினம் கடலில் இறங்கினான். மற்ற நான்கு பேர் கரையேறினார்கள். ஊருக்குள் யாருக்கும் அப்பனிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. நான்தான் போனேன். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பாவி, ஒரு தகப்பனிடம் சொல்லக்கூடாத சொல்லை மூன்று தடவை சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, மகனின் புத்தகங்களை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். முன்பே பிரமோஷனுக்காகத் தபாலில் ஒரு பி.ஏ. எழுதி வைத்திருந்தார். "அவன் வுட்ட எடத்துலேர்ந்து நான் படிக்கறன்டா" என்று எம்.ஏ.வுக்குப் பணம் கட்டிவிட்டார். என் அண்ணி வீராயி, "போவட்டும் தம்பி, சுவத்தப் பாத்துகினு குந்தினு இருக்கறதுக்கு இது தேவல" என்றாள்.

இனி எங்கள் கோவில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாரியம்மன் கோவில். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் காலையில் கரகம் கிளம்பித் தெருவைச் சுற்றிவரும். தலைக்கட்டு உள்ள வீட்டு வாசலில் மட்டும் நின்று, பெயர் கூப்பிட்டதும் பூசைத் தட்டு வாங்கும். தலைக்கட்டு என்றால் கோவில் நோட்டில் பெயர் ஏறிய குடும்பத் தலைவன். அப்பன் செத்தால் மகன் பெயரை எழுதுவார்கள். மகன் இல்லையென்றால் பெயரின் மேல் ஒரு கோடு. அதற்கப்புறம் அந்த வாசலில் கரகம் நிற்காது.

வெளியூர்க்காரர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். எங்கள் தாத்தாக்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் களை பறித்து, வரப்பு வெட்டிச் செத்தவர்கள். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. அவர்கள் பெயரை யாராவது மை தொட்டு எழுதினார்கள் என்றால் அந்தக் கோவில் நோட்டில்தான். அதில் முதல் பெயர் பெரியப்பா வழி. அதனால் கரகம் வாங்கும் முதல் தட்டு அண்ணன் வீட்டுத் தட்டு. நெடுமாறன் போன பிறகு, அண்ணனுக்கு அடுத்து அந்த வழி அறுந்துவிடும், முதல் தட்டு என் வீட்டுக்கு வரும், எனக்குப் பிறகு என் மகன் விஜயராஜுக்குப் போகும் என்று ஊரே பேசிக்கொண்டது. அரை டிராயர் போட்ட காலத்திலிருந்தே அந்த முதல் தட்டின் மேல் எனக்கு ஒரு கண். பொய் சொல்வானேன்?

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். திரும்பி வேலைக்கு வந்த முதல் வாரம், கேன்டீனில் எதிரே உட்கார்ந்து டீயைத் தொடாமல் ஆரம்பித்தார்.

"டேய் பழனி, இங்கிலாந்துல ஹென்றின்னு ஒரு ராஜா இருந்தான்டா. தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னால. மொதலாம் ஹென்றி."

"இருந்துட்டுப் போறான். வடை ஆறுது, சாப்புடுண்ணா."

"அவனுக்குப் பட்டத்துக்கு வர வேண்டிய புள்ள ஒரே புள்ளதான். கூட்டாளிங்களோட கப்பல்ல வந்துகினு இருந்தான். ஒரே குடியும் கூத்தும். கப்பல் பாறையில மோதிடுச்சி."

நான் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"ராஜாகிட்டப் போயி சொல்ல ஒருத்தனும் வாயத் தொறக்கலயாம்டா. எனக்காவது நீ வந்து சொன்ன" என்றார். பிறகு டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "வயசான காலத்துல இன்னொரு கல்யாணம் பண்ணிப் பாத்தான். புள்ள பொறக்கல. ஒரு பொண்ணு இருந்தா, மட்டில்டான்னு. பெரிய பெரிய பிரபுங்களையெல்லாம் கூப்ட்டு நிக்க வெச்சி, எனக்கப்புறம் எம்பொண்ணுதான் ஆளணும்னு சத்தியம் வாங்கினான்."

"அப்புறம்?"

"அதோட பாடம் முடிஞ்சிது. அடுத்த புக்கு தபால்ல இன்னும் வரல."

அண்ணன் செய்த தப்பு இதுதான். அடுத்த புத்தகம் வருகிறவரை பொறுக்கவில்லை. பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு, அந்த ராஜா செய்ததை அப்படியே செய்யக் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வடக்குத்து வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. பங்காளிகள் ஐந்து பேரை அழைத்திருந்தார். எலும்பெல்லாம் உறிஞ்சி முடித்துக் கை கழுவி வந்தால், கூடத்தில் அம்மன் படம், ஒரு தட்டில் கற்பூரம். "எனக்கப்புறம் இந்த வூட்டுத் தலைக்கட்டு எம்பொண்ணு தமிழ்நிலா பேர்ல இருக்கணும். ஊர்ல யார் எதிர்த்தாலும் நீங்க அவ பக்கம் நிக்கணும். கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணுங்க" என்றார்.

கோவில் நோட்டு எழுதுகிற கருணாகரனும் பங்காளிதான். யார் முதலில் சத்தியம் செய்வது என்று அவனுக்கும் எனக்கும் தள்ளுமுள்ளு. "நெருங்கின பங்காளி நான்டா" என்று அவனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, முதல் ஆளாய் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தேன். உண்ட களைப்பில், அண்ணன் இருக்கப்போவது இன்னும் இருபது வருஷம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சமையலறை வாசலில் நின்ற தமிழ்நிலா, "சித்தப்பா, கை சுட்டுச்சா? பர்னால் குடுக்கட்டுமா?" என்று சிரித்தாள். வடலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை அவளுக்கு. இருபத்தொன்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நேரே பார்த்துப் பேசுகிற பெண்.

ஆனி மாதக் கடைசியில் அடுத்த புத்தகம் வந்தது. அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"பழனி, அந்த ராஜா செத்துட்டான்டா. வைத்தியர் வேணான்னு சொல்லியும் விலாங்கு மாரி ஒரு மீனத் தின்னு செத்தானாம். அவன் செத்த சேதி கேட்டதும், கூடப்பொறந்தவ மவன் ஒருத்தன், ஸ்டீஃபன்னு பேரு, கப்பலேறிப் போயி முடி சூட்டிக்கினான். சத்தியம் பண்ணதுல மொதல்ல நின்னவங்கள்ல அவனும் ஒருத்தன்டா. மத்தவங்களும் அவன் பின்னாலயே பூட்டாங்க."

"வெள்ளக்காரன் புத்திண்ணா. நாமெல்லாம் அப்படியா?" என்று சொன்னேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

அண்ணன் என்னையே பார்த்தார். "ராஜா எங்க தப்பு பண்ணான் தெரியுமா? தான் செத்தப்புறம் நடக்கும்னு நம்பினான். உசுரோட இருக்கறப்பவே அவளக் குந்த வெச்சிட்டு, தான் பக்கத்துல நின்னுருக்கணும்." சைக்கிளைத் திருப்பினார். என் வீட்டுக்காரி காபி எடுத்து வருவதற்குள் போய்விட்டார்.

ஆடிக்கு முன்பு கோவில் வாசலில் ஊர்க் கூட்டம். நாட்டாண்மை சண்முகசுந்தரம் பேசி முடித்ததும் அண்ணன் எழுந்து கும்பிட்டார்.

"தலைக்கட்டுல எம்பேர அடிச்சிட்டு, எம்பொண்ணு தமிழ்நிலா பேர எழுதணுங்க."

கருணாகரன் இருக்கிறானே, சொன்னதைச் செய்கிற கழுதை. பேனா கையில் இருந்தது, பக்கம் திறந்திருந்தது. குஞ்சிதபாதம் என்ற பெயரின் மேல் சரக்கென்று ஒரு கோடு இழுத்துவிட்டான்.

"டேய், டேய்! இருடா! உசுரோட இருக்கறவன் பேர அடிப்பாங்களா?" என்று நாட்டாண்மை பதறினார்.

"அடிச்சாச்சுங்களே" என்றான்.

"சரி, அடிச்சது அடிச்சிதான். ஆனா பொண்ணு பேர எப்படிய்யா எழுதறது? நாளைக்கிக் கட்டிகினு இன்னொரு ஊருக்குப் போறவ. கரகம் அவ பின்னாலயே பஸ் ஏறிப் போவுமா?"

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தான். அண்ணன் கையைக் கூப்பியபடியே நின்றார். நாட்டாண்மை என்னைப் பார்த்தார். "பழனிவேலு, நீதான் நெருங்கின பங்காளி. நீ சொல்லு. பொண்ணு பேர எழுதலாமா?"

கற்பூரம் அணைத்த ஐந்து பேரும் அங்கேதான் இருந்தோம். மற்ற நான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். முதல் பெயருக்கு மேல் கோடு விழுந்துவிட்டது, அடுத்த பெயர் என் பெயர். 'எழுதலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

"ஊரு என்னா சொல்லுதோ அதாங்க" என்றேன்.

அவ்வளவுதான். பெண் பெயர் ஏறவில்லை. இருந்த பெயரும் போயிற்று. 'திரும்ப எம்பேரையே எழுதுங்க' என்று அண்ணன் கேட்டிருந்தால் எழுதியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திட்டியிருந்தால் நானும் நான்கு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை மனுஷன்.

அன்று வீட்டில் விஜயராஜுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே மொதல் தட்டு நம்மளுதாப்பா!" என்று புதுப் பித்தளைத் தட்டே வாங்கி வந்துவிட்டான். என் வீட்டுக்காரி அதை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு, மூன்று நாள் எனக்குச் சோற்றைப் போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதம் முதல் சனிக்கிழமை தமிழ்நிலா வந்து எனக்குச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். எனக்கு அந்த வியாதி வந்து நான்கு வருஷம். இந்த மாதம் வரமாட்டாள் என்றிருந்தேன். காலை ஏழு மணிக்கெல்லாம் பையோடு வந்து நின்றாள். என் கையைப் பிடித்து, விரலில் ஊசியால் குத்தி, ரத்தத்தை அந்தச் சின்ன மெஷினில் தொட்டாள்.

"இருநூத்தி முப்பது. கண்டதையும் தின்னுகினு இருக்கறீங்க சித்தப்பா."

"உனக்கு என் மேல கோவம் இல்லியாம்மா?"

"கோவந்தான். வவுறு எரியுது. அதுக்குன்னு சுகர் பாக்காம வுட்ருவனா?" பஞ்சால் என் விரலை அழுத்திப் பிடித்தபடி சொன்னாள். "அப்பா மேலயும் கோவம் எனக்கு. ஊர்ல அத்தினி பேரக் கேட்டாரு. உனக்கு வேணுமாடின்னு என்ன ஒரு வார்த்த கேக்கல."

"உனக்கு எதுக்கும்மா அது? நீ படிச்ச பொண்ணு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கு வேணும் சித்தப்பா. தம்பி பேர அந்த நோட்டுல எழுதவே இல்ல, அதுக்குள்ள பூட்டான். அப்பா பேர அடிச்சிட்டீங்க. எங்க வூட்டுல இருந்து ஒரு பேராவது கூப்புடணும். அம்மா கூழு ஊத்தற அந்த ஒரு நாளுதான் கண்ண நெறைச்சி மை வெச்சிக்கும், தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. முப்பது ஆடி பக்கத்து வாசலில் நின்றும் தெரியாது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு, "சாயங்காலம் நடங்க, கொறையும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சீச்சீ, என்ன ஜென்மம்டா நீ என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

கூழ் ஊற்றும் நாள் வந்தது. கரகத்துக்கு முன்னால் நடந்து தலைக்கட்டுப் பெயர்களைக் கூப்பிடுகிறவன் இருபது வருஷமாக நான்தான். பெல்ட் சத்தத்தில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை, தெருக்கோடிவரை கேட்கும். நோட்டைக் கருணாகரன் என் கையில் கொடுத்தான். முதல் பெயரின் மேல் அந்தக் கோடு. அதற்குக் கீழே பழனிவேல்.

பூசாரி மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாகக் கரகத்தைத் தலையில் தூக்கினார். மேளம் அதிர்ந்தது. தெருமுனைக்கு வந்தோம். அண்ணன் வீட்டு வாசலில் வழக்கம்போலத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. நிற்காமல் போகிற கரகத்துக்கும் கோலம் போட்டிருந்தாள் அண்ணி, மகராசி. படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வீராயி. கண்ணில் மை இல்லை. அடுத்த வாசலில் விஜயராஜ் புதுத் தட்டைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

நான் நடக்க வேண்டும். இன்னும் முப்பது அடி நடந்து, என் வாசலில் நின்று, என் பெயரை நானே கூப்பிட வேண்டும். அங்கேயே நின்றேன். மூச்சை இழுத்தேன்.

"குஞ்சிதபாதம் மகள் தமிழ்நிலா தலைக்கட்டூ..!"

கரகம் நின்றது. மேளமும் நின்றுவிட்டது. நாட்டாண்மை கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"டேய் பழனி! நோட்டுல இல்லாத பேரக் கூப்புடறியே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"நோட்டுல இல்லதாங்க. நான் கற்பூரம் அணைச்சிக் குடுத்த பேரு. அன்னிக்கிக் கூட்டத்துல நாக்கு பொரண்டுட்டன். இன்னிக்கி அம்மா எதிர்ல பொரள மாட்டன். வேற ஆள வெச்சிக் கூப்புடணும்னா கூப்ட்டுக்கங்க."

"அப்பா!" என்று விஜயராஜ் அந்தப் பக்கமிருந்து கத்தினான். நான் திரும்பவில்லை. "அடி, எழுது, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கய்யா" என்று கருணாகரன் பேனாவைத் தூக்கிக்கொண்டு முழித்தான். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கரகம் ஒரு வாசலில் நின்றுவிட்டால் தட்டு வாங்காமல் நகரக்கூடாது என்பது எங்கள் தெருவின் பழைய சட்டம். நகர்ந்தால் தெருவுக்கே ஆகாது. அது நாட்டாண்மைக்கும் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, கரகத்துக்கு அடியிலிருந்து பூசாரி முனகினார்.

"யம்மா, யாராவது சீக்கிரம் தட்டு எடுத்தாங்கம்மா. கழுத்து ஒடியுது."

கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். "எடுத்தாடி தமிழு!" என்று ஒரு கிழவி கத்தினாள். "பொண்ணு குடுத்தா ஆத்தா வாங்க மாட்டாளா? அவளும் பொம்பளதான?" என்றாள் இன்னொருத்தி. நாட்டாண்மை கையை வீசினார். "எப்படியோ போங்க. வெயில் ஏறுது."

தமிழ்நிலா தட்டோடு வெளியே வந்தாள். தேங்காய், வெற்றிலை, எலுமிச்சை, மஞ்சள் துணி. எல்லாம் ஏற்கெனவே எடுத்துவைத்திருந்த தட்டு. அம்மாவோ மகளோ, யார் எடுத்துவைத்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் படியை விட்டு இறங்கி, தெருவில் எங்களோடு வந்து நின்றுகொண்டார்.

தட்டு வாங்குமுன் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும், வீட்டுத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். அது முறை. கேட்டேன்.

"தட்டு யாருது?"

"என்னுது" என்றாள். குரல் மெலிதாக வந்தது.

"சத்தமா சொல்லும்மா. தெருவுக்கே கேக்கணும்."

"என்னுது! தமிழ்நிலாவுது!"

பூசாரி தட்டைத் தொட்டு வாங்கினார். மேளம் மறுபடி அதிர்ந்தது. வீராயி அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். நோட்டில் பெயரில்லாத குஞ்சிதபாதம், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தன் மகளின் வாசலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கரகம் என் வாசலுக்கு வந்தது. விஜயராஜ் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போயிருந்தான். என் வீட்டுக்காரி அதை எடுத்துக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. நான் என் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். இருபது வருஷத் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து, ஸ்டென்ட் வைத்த நெஞ்சு முழுவதையும் கூட்டிக்கொண்டு, அண்ணன் எனக்காகக் கூப்பிட்டார்.

"எந்தம்பி பழனிவேல் தலைக்கட்டூ..!"